140, 1600, 1800: கூட்டுறவு வங்கி எந்த எண்ணில் இருந்து வாடிக்கையாளரைக் கூப்பிட வேண்டும்?

வைகைக்கரை

வணக்கம். ஆறு கிளைகள் உள்ள நகரக் கூட்டுறவு வங்கிக்காகக் கேட்கிறேன். ரிசர்வ் வங்கி உரிமம் இருக்கிறது. தவணை நினைவூட்டல், நகைக்கடன் முதிர்வு, கேஒய்சி புதுப்பிப்பு எல்லாம் கிளை ஊழியர்களின் சாதாரண 10 இலக்கக் கைபேசி எண்ணில் இருந்தே போகிறது. பண்டிகை நேரத்தில் வைப்புத்தொகை விளம்பரத்துக்கும் அதே எண்கள்தான்.

என் கேள்விகள்: 1600 எண் கட்டாயமா? 140 எண்ணும் தனியாக வாங்க வேண்டுமா? வாடிக்கையாளர் எங்களைக் கூப்பிட 1800 நல்லதா, 1860 நல்லதா? எஸ்எம்எஸ் தமிழில் அனுப்ப என்னென்ன பதிவு தேவை?

செம்புக்கம்பி

கட்டாயம்தான். முதலில் எண்களின் வேலைப் பிரிவினையைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

இந்தியாவில் எண்களை ஒதுக்குவது தொலைத்தொடர்புத் துறை. 2003 தேசிய எண் திட்டப்படி 1-இல் தொடங்குபவை சிறப்புச் சேவைகளுக்கு ஒதுக்கியவை. அந்த எண்ணில் இருந்து யார், எதற்காக, யாரிடம் பேசலாம் என்பதைக் கட்டுப்படுத்துவது டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். அதற்கான விதிமுறை 2018-இல் வந்தது. 2025 பிப்ரவரி 12-இல் பெரிய திருத்தம் செய்தார்கள். பழைய வலைப்பக்கங்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், பாதிக்கு மேல் அந்தத் திருத்தத்துக்கு முந்தையவை.

உங்களுக்குப் பொருந்துவது இவ்வளவு:

140 தொடர் விளம்பர அழைப்புக்கு மட்டும். வைப்புத்தொகை, புதிய கடன் திட்டம், "உங்களுக்கு முன்கூட்டியே கடன் ஒப்புதல் ஆகியிருக்கிறது" என்பதெல்லாம் இதில் அடங்கும். பெறுபவர் தொந்தரவு வேண்டாம் பட்டியலில் இருந்தால் இந்த அழைப்பு அவருக்குப் போகக்கூடாது.

160 தொடர் சேவை மற்றும் பரிவர்த்தனை அழைப்புக்கு மட்டும். தவணை நினைவூட்டல், நகைக்கடன் முதிர்வு, கேஒய்சி மூன்றும் இங்கேதான் வரும். தொலைத்தொடர்புத் துறை இதை 2024 மே மாதம் ஒதுக்கியது. 10 இலக்கம்: முதல் 4 தொடரைக் காட்டும், அடுத்த 3 தொலைபேசி வட்டத்தையும் (ஏறத்தாழ ஒரு மாநிலம்) சேவை நிறுவனத்தையும் காட்டும், கடைசி 3 இலக்கம் 000 முதல் 999 வரை. அறிவிப்பில் அரசுக்கு 1600, நிதித்துறைக்கு 1601 என்று பிரித்திருந்தார்கள். நடைமுறையில் பாரத ஸ்டேட் வங்கி வெளியிட்ட எண்களே 1600-இல்தான் தொடங்குகின்றன, டிராய் உத்தரவும் "1600 தொடர்" என்றே சொல்கிறது. ஆகவே 1601 வரவில்லையே என்று யாரும் குழம்ப வேண்டாம்.

கெடு பற்றி: 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையே சேவைக்கு 1600, விளம்பரத்துக்கு 140 என்று பிரித்துச் சொல்லிவிட்டது. பிறகு 2025 நவம்பர் 19 அன்று டிராய் தேதி வைத்தது. வணிக வங்கிகளுக்கு 2026 ஜனவரி 1. கூட்டுறவு வங்கிகள், வட்டார ஊரக வங்கிகள், சிறிய நிதி நிறுவனங்களுக்கு 2026 மார்ச் 1. நீங்கள் இந்த இரண்டாவது கூட்டத்தில் வருகிறீர்கள்.

நூல்கடை

அப்படியென்றால் கூட்டுறவுக் கடன் சங்கம், சீட்டுக் கம்பெனி எல்லாவற்றுக்கும் 1600 கிடைக்குமா?

செம்புக்கம்பி

இந்த உத்தரவு ரிசர்வ் வங்கி, செபி, காப்பீட்டு ஆணையம், ஓய்வூதிய ஆணையம் ஆகியவற்றின் கட்டுப்பாட்டில் உள்ளவர்களுக்கும் அரசு அமைப்புகளுக்கும்தான். மாநிலக் கூட்டுறவுச் சட்டத்தில் மட்டும் பதிவான கடன் சங்கமும், சீட்டு நிதிச் சட்டத்தில் வரும் கம்பெனியும் அதில் சேராது. "வங்கி" என்ற சொல் பலகையில் இருக்கிறதா என்பதை வைத்து எண் தருவதில்லை, உரிமத்தைப் பார்த்துத்தான் தருவார்கள். விண்ணப்பத்தோடு உரிம நகலை இணையுங்கள்.

மறுமுனை

நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. 1600 என்று வந்தாலே விளம்பரம் என்று நினைத்து ஜனங்கள் எடுப்பதில்லை. தவணை வசூல் முக்கியம் என்றால் கிளை மேலாளரின் சொந்த எண்ணில் கூப்பிடுவதுதான் பலன் தரும். அதையும் முழுவதும் விடாமல் இருப்பது நல்லது.

செம்புக்கம்பி

மறுமுனை சார், இதை ஒப்புக்கொள்ள முடியாது. இரண்டு காரணம் சொல்கிறேன்.

ஒன்று, தண்டனை. திருத்தத்துக்குப் பின் 10 நாளில் 5 பேர் புகார் செய்தாலே அனுப்புநர் மீது நடவடிக்கை தொடங்கும். முன்பு 7 நாளில் 10 புகார் தேவைப்பட்டது. முதல் மீறலுக்கு 15 நாள் வெளிச்செல்லும் அழைப்பு நிறுத்தம். திரும்பவும் நடந்தால் அந்த அனுப்புநர் பெயரில் உள்ள எல்லா இணைப்பும், எல்லா நிறுவனங்களிலும், ஒரு வருடத்துக்குத் துண்டிப்பு. ஒரு கிளையின் சிம் செய்த தவறுக்கு வங்கியின் பிஆர்ஐ லைன், எஸ்ஐபி லைன் (ஒரே நேரத்தில் பல அழைப்பைத் தாங்கும் அலுவலக லைன்கள்) எல்லாம் போகும். விளம்பரம் செய்த அதே எண்ணில் தவணை நினைவூட்டலும் போவதால், புகார் எதற்கு வந்தது என்று நீங்கள் வாதாடவும் முடியாது.

இரண்டாவதுதான் எனக்குப் பெரிது. வாடிக்கையாளரை "வங்கி சாதாரண கைபேசி எண்ணில் இருந்து கூப்பிடும்" என்று நாமே பழக்கினால், அடுத்த நாள் மோசடிக்காரன் அதே மாதிரி எண்ணில் இருந்து கூப்பிடும்போது அவர் நம்பத்தான் செய்வார். இந்தத் தொடர் வந்ததே அந்தப் பழக்கத்தை உடைக்கத்தான். எடுக்கமாட்டார்கள் என்றால் அதற்கு வேலை செய்யலாம். வாங்கும் எண்ணை பாஸ்புக் உள்ளட்டையில் அச்சிடுங்கள், கிளைச் சுவரில் ஒட்டுங்கள், முதல் அழைப்புக்கு ஒரு நாள் முன்பு எஸ்எம்எஸ் அனுப்புங்கள்.

வைகைக்கரை

தெளிவாகப் புரிந்தது. அப்படியானால் 1600-இல் இருந்து அழைப்பு வந்தால் வாடிக்கையாளர் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று அச்சிடலாமா?

அஞ்சல்பெட்டி

தயவுசெய்து அப்படி அச்சிடாதீர்கள். திரையில் தெரியும் எண்ணைப் போலியாகக் காட்ட முடியும். வெளிநாட்டில் இருந்து வரும் அழைப்பை இந்திய எண் போலக் காட்டுவது பெரிய தொழிலாகவே நடந்தது. 2024 அக்டோபரில் அதைத் தடுக்கும் அமைப்பைத் தொடங்கியபோது முதல் 24 மணி நேரத்தில் 1.35 கோடி போலி அழைப்பை அடையாளம் கண்டு தடுத்ததாக அரசே சொன்னது. தடுப்பு இருக்கிறது, ஆனாலும் முன்னெண்ணை மட்டும் வைத்து ஓடிபி கொடுக்கச் சொல்லக்கூடாது.

இப்படி அச்சிடலாம்: "எங்கள் வங்கி இந்த எண்களில் இருந்து மட்டுமே அழைக்கும். இந்த எண்ணில் இருந்து வந்தாலும் ஓடிபி, பின், அட்டையின் சிவிவி கேட்க மாட்டோம். சந்தேகம் இருந்தால் வைத்துவிட்டு, பாஸ்புக்கில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்."

எர்லாங்

நீங்களே அழையுங்கள் என்று சொல்லிவிட்டால் அழைப்பு கிடைக்க வேண்டும். அதனால் 1800 பற்றி நான் சொல்கிறேன்.

1800-க்குக் கூப்பிடுபவருக்குக் காசு இல்லை, நிமிடத்துக்கு இவ்வளவு என்று வங்கி கட்டும். 1860-க்கு அழைப்பவர் கட்டணம் தர வேண்டும். அன்லிமிடெட் திட்டம் போட்டவருக்குக்கூட 1860 தனியாகக் கழிவது உண்டு, அது பற்றித் தகராறும் வரும். கிராமப்புற, வயதான வாடிக்கையாளர் உள்ள வங்கிக்கு 1800-ஐத்தான் சொல்வேன். தவணை கட்டுகிறவரிடம் விசாரிப்பதற்கும் காசு வாங்குவது சரியில்லை.

எண்ணின் வடிவத்தில் ஏமாறாதீர்கள். 1800-425 என்று தொடங்கினால் பெரும்பாலும் தென்னிந்திய பிஎஸ்என்எல், மொத்தம் 11 இலக்கம். பழைய எம்டிஎன்எல் எண்களில் 1800-11, 1800-22 என்று தொடங்கி 10 இலக்கத்தில் முடிபவையும் உண்டு. ஒரு இலக்கம் குறைகிறதே என்று அச்சகத்தில் பூஜ்யம் சேர்த்துவிடுவார்கள். புரூஃப் படியை ஒரு முறை கைபேசியில் அழுத்திப் பார்த்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

1800 எண்ணுக்குத் தனியாகக் கம்பி கிடையாது. அது தொலைபேசி நிறுவனத்தின் நுண்ணறி வலையமைப்பில் (அழைப்பை எங்கே அனுப்புவது என்று பார்க்கும் கணினி அமைப்பு) உள்ள ஒரு வரி, அவ்வளவுதான். அந்த வரி உங்கள் உண்மையான லைனுக்கு அழைப்பைத் திருப்பிவிடும். பின்னால் உள்ள லைன்கள் போதவில்லை என்றால் "இலவச எண்" எப்போதும் பிசியாகவே இருக்கும். எத்தனை லைன் வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டாம், கணக்குப் போடலாம்.

உச்ச நேரத்தில் மணிக்கு 120 அழைப்பு, ஒவ்வொன்றும் சராசரி 3 நிமிடம் என்று வையுங்கள். 120 × 3 = 360 நிமிடம். 60-ஆல் வகுத்தால் 6 எர்லாங். ஒரு லைன் ஒரு மணி நேரம் முழுவதும் பிசியாக இருந்தால் அது 1 எர்லாங். 6 எர்லாங்குக்கு 6 லைன் போதும் என்று தோன்றும். பிசி டோன் கிடைக்கும் வாய்ப்பைக் கணக்கிடும் எர்லாங்-பி சூத்திரத்தில் போட்டால் 6 லைனில் 26 சதவீத அழைப்புக்கு பிசி டோன்தான் கிடைக்கும், நான்கில் ஒருவருக்கு மேல். பிசி டோனை 2 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர 12 லைன் வேண்டும். அழைப்புகள் வரிசையில் நின்று வருவதில்லை, கும்பலாக வருகின்றன. அதனால்தான் இரட்டிப்பு தேவைப்படுகிறது.

இன்னொன்று: வெளிநாட்டில் இருந்து இந்திய 1800 எண் பொதுவாக இணையாது. வளைகுடாவில் இருக்கும் வாடிக்கையாளருக்காகச் சாதாரண எஸ்டிடி எண் ஒன்றையும் +91 போட்டு பாஸ்புக்கில் சேருங்கள்.

நூல்கடை

எனக்கு ஜவுளிக்கடை. வாடிக்கையாளர் பில் போடும்போது கொடுத்த எண்கள் இருக்கின்றன. தள்ளுபடி எஸ்எம்எஸ் அனுப்பலாமா? அவர்கள்தானே எண் கொடுத்தார்கள்.

அஞ்சல்பெட்டி

எண் கொடுத்ததை விளம்பரத்துக்குச் சம்மதம் கொடுத்ததாக எடுத்துக்கொள்ள முடியாது. பில்லை எஸ்எம்எஸ்ஸில் அனுப்ப அந்த எண் போதும், தள்ளுபடி அறிவிப்புக்குப் போதாது. பெறுபவர் உங்கள் வகையைத் தடுத்திருந்தால் உங்கள் செய்தி வடிகட்டலிலேயே நின்றுவிடும். டிஎல்டி தளத்தில் (அனுப்புநர், செய்தி வாசகம், சம்மதம் எல்லாம் பதியும் தொலைபேசி நிறுவனங்களின் தளம்) பதிவான வெளிப்படைச் சம்மதம் இருந்தால் போகும். விளம்பரச் செய்தியில் விலகிக்கொள்ளும் வழியும் கட்டாயம் இருக்க வேண்டும். ஒருவர் விலகினால் 90 நாளைக்கு அவரிடம் மறுபடி சம்மதம் கேட்கக்கூடாது.

இனி வைகைக்கரை கேட்ட எஸ்எம்எஸ் பதிவு. வரிசையாகச் சொல்கிறேன், இந்த வரிசை மாறினால் ஒவ்வொரு படியிலும் நிராகரிப்பார்கள்.

முதலில் ஏதாவது ஒரு தொலைபேசி நிறுவனத்தின் டிஎல்டி தளத்தில் வங்கியை முதன்மை நிறுவனமாகப் பதியுங்கள். பான், பதிவுச் சான்று, ஜிஎஸ்டி, முகவரிச் சான்று, கையொப்பமிடும் அதிகாரிக்கு வங்கி லெட்டர்ஹெட்டில் அதிகாரக் கடிதம் வேண்டும். பல தளங்களில் கட்டணம் 5,000 ரூபாயும் அதன்மேல் 18% ஜிஎஸ்டியும், அதாவது 5,900. ஒரு தளத்தில் பதிந்தால் போதும், மற்றவற்றுக்கும் பகிரப்படும். முடிந்ததும் 19 இலக்க நிறுவன எண் வரும். பானில் உள்ள பெயரும் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இல்லாததுதான் தாமதத்துக்கு முதல் காரணம். "லிமிடெட்" ஒன்றில் முழுமையாகவும் இன்னொன்றில் சுருக்கமாகவும் இருந்தாலே திருப்பிவிடுவார்கள்.

பிறகு ஹெடர், அதாவது அனுப்புநர் பெயராகத் தெரியும் குறி. 6 எழுத்து, வங்கிப் பெயரோடு தொடர்பு தெரிய வேண்டும். பெறுபவர் திரையில் இது இப்படித் தெரியும்: முதலில் 2 எழுத்து, ஒரு கோடு, உங்கள் 6 எழுத்து, மறுபடி கோடு, கடைசியில் 1 எழுத்து. முதல் இரண்டில் ஒன்று அனுப்பும் நிறுவனம், மற்றது வட்டம். கடைசி எழுத்துதான் 2025 திருத்தத்தில் வந்தது: பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. இந்தக் கடைசி எழுத்தை நீங்கள் சேர்க்க வேண்டாம், டெம்ப்ளேட் வகையைப் பார்த்துத் தானாகச் சேரும்.

மூன்றாவது டெம்ப்ளேட், அதாவது செய்தியின் மாதிரி வாசகம். மாறும் இடங்களை மட்டும் மாறியாக விட்டு மீதி வாசகத்தை அப்படியே பதிய வேண்டும். ஒரு மாறிக்கு 30 எழுத்துதான் இடம். மாறியிலேயே முழு வாசகத்தையும் திணிக்கப் பார்த்தால் நிராகரிப்பு. இணைப்பு இருந்தால் அந்த முகவரியைத் தனியாக வெள்ளைப் பட்டியலில் (அனுமதித்த இணைப்புகளின் பட்டியல்) ஏற்ற வேண்டும், 2024 அக்டோபர் 1 முதல் ஏறாத இணைப்போடு செய்தி போகாது. ஒரே டெம்ப்ளேட்டை இரண்டு ஹெடரில் கட்டவும் முடியாது. தவணை நினைவூட்டலின் கடைசியில் "புதிய தங்கக் கடன் வட்டி குறைவு" என்று ஒரு வரி சேர்த்தால் முழுச் செய்தியும் விளம்பரம் ஆகிவிடும். நிறையப் பேர் சறுக்கும் இடம் இதுதான்.

நான்காவது, சங்கிலிப் பிணைப்பு. வங்கி, இடையில் உள்ள டெலிமார்க்கெட்டர்கள் (செய்தியை அனுப்பித் தரும் நிறுவனங்கள்), கடைசியில் தொலைபேசி நிறுவனத்தோடு இணைந்த டெலிமார்க்கெட்டர் என்று முழுப் பாதையையும் டிஎல்டியில் அறிவித்து இருபுறமும் ஏற்க வேண்டும். 2024 டிசம்பர் முதல் பாதை பொருந்தாத செய்தி அப்படியே விழுந்துவிடும். எஸ்எம்எஸ் விற்பவர் உங்களுக்குச் சொல்லாமல் வேறு வழியில் அனுப்ப ஆரம்பித்தால், நேற்றுவரை போன செய்தி இன்று போகாது. அப்போது டெம்ப்ளேட்டைத் திருத்தித் திருத்திப் பார்த்து நேரத்தை வீணாக்காமல் முதலில் சங்கிலியைப் பாருங்கள்.

குறில்நெடில்

தமிழ் டெம்ப்ளேட்டுக்கு மட்டும் சில குறிப்பு.

ஆங்கிலச் செய்தி ஒன்றுக்கு 160 எழுத்து. தமிழ் யூனிகோடில் 70தான். அதைத் தாண்டினால் துண்டுக்கு 67, கட்டணமும் துண்டுக் கணக்கில். ஆங்கிலச் செய்தியிலேயே ₹ குறி ஒன்று போட்டாலும் முழுச் செய்தியும் யூனிகோடு ஆகி 70-க்கு இறங்கிவிடும், வளைந்த மேற்கோள்குறிகளும் அப்படித்தான்.

கண்ணால் எண்ணாதீர்கள். "தங்கள்" நமக்கு 4 எழுத்து, எஸ்எம்எஸ்ஸுக்கு 6. புள்ளியும் துணைக்காலும் தனித்தனியாக எண்ணப்படும்.

எடுத்துக்காட்டு: "தங்கள் கடன் எண் 4321 தவணை ரூ.12500 05/03/2026 அன்று செலுத்தவும். " கடைசி இடைவெளி வரை 65. வங்கிப் பெயருக்கு 5 இடம்தான் மிச்சம், பெயர் போட்டால் இரண்டு துண்டு. "தங்கள்" என்பதையும் அதன் இடைவெளியையும் எடுத்தால் 7 மிச்சம், தேதியில் வருடத்தை எடுத்தால் 5 மிச்சம். இப்போது 53. வங்கியின் சுருக்கப் பெயருக்கு 17 இடம் கிடைக்கிறது, ஒரே துண்டில் முடிகிறது. மாதம் 2,000 நினைவூட்டல் என்றால் 4,000 துண்டுக்குப் பதில் 2,000 துண்டுக்குக் கட்டணம்.

இன்னொரு மறைந்திருக்கும் தவறு. "தொகை" என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், எகரக் குறி + துணைக்கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். டிஎல்டியில் ஒரு விதமாகப் பதிந்து, வங்கி மென்பொருள் இன்னொரு விதமாக அனுப்பினால் பொருந்தவில்லை என்று விழுந்துவிடும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றிலும் இது உண்டு. பதிவான வாசகத்தைத் தளத்தில் இருந்தே நகலெடுத்து மென்பொருளில் ஒட்டுங்கள், புதிதாகத் தட்டச்சு செய்யாதீர்கள்.

மறுமுனை

என் முந்தைய கருத்தைத் திரும்பப் பெறுகிறேன். பெறுபவர் பக்கத்துக்கும் எழுதிவிடலாம். விளம்பரம் வேண்டாம் என்றால் 1909-க்கு ஆங்கிலத்தில் "ஸ்டார்ட் 0" என்று எஸ்எம்எஸ். வகை வாரியாகவும் தடுக்கலாம்: 1 வங்கி மற்றும் காப்பீடு, 2 வீட்டுமனை, 3 கல்வி, 4 உடல்நலம் என்று போகும். புகாரை 3 நாளுக்குள் செய்ய வேண்டும், பட்டியலில் பதிந்திருந்தால்தான் ஏற்பார்கள்.

அஞ்சல்பெட்டி

கடைசி வாக்கியத்தில் இரண்டு திருத்தம். 2025 முதல் 7 நாள் அவகாசம். பதிவு செய்யாத அனுப்புநர் மீது புகார் சொல்ல நீங்கள் பட்டியலில் இருக்க வேண்டியதும் இல்லை. 1909-க்கு அழைக்கலாம், எஸ்எம்எஸ் செய்யலாம், டிராயின் டிஎன்டி (தொந்தரவு வேண்டாம்) செயலியிலும் போடலாம். எஸ்எம்எஸ் என்றால் வந்த செய்தி, காற்புள்ளி, அனுப்பிய எண் அல்லது ஹெடர், காற்புள்ளி, நாள்/மாதம்/வருடம். தேதியை விட்டுவிட்டால் புகார் செல்லாது. நிறுவனம் நடவடிக்கை எடுக்கும் அவகாசமும் 30 நாளில் இருந்து 5 நாளாகக் குறைந்திருக்கிறது.

1909 தொந்தரவுக்கு மட்டும். மோசடி முயற்சி என்று சந்தேகம் வந்தால், பணம் போகவில்லை என்றால், தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு பக்கத்தில் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930, சைபர் குற்ற உதவி எண். இந்த மூன்றையும் மாற்றிச் செய்து நேரத்தை இழக்கிறார்கள். 1930-க்கு முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பாயும் முன் முடக்க வாய்ப்பு அதிகம். உங்கள் கிளைப் பலகையில் 1600 எண்ணுக்குக் கீழே 1930-ஐயும் பெரிதாக எழுதுங்கள், வைகைக்கரை.

வைகைக்கரை

எழுதுகிறேன். ஒரே ஒரு சந்தேகம். பணம் எடுத்துச் செல்லும் வண்டியில் உள்ள ஜிபிஎஸ் கருவியின் சிம் 13 இலக்கமாக இருக்கிறது. அதற்கும் ஏதாவது பதிவு வேண்டுமா?

செம்புக்கம்பி

டிஎல்டி வேண்டாம். அது இயந்திரத்துக்கு இயந்திரம் பேசும் சிம், 2018 ஜூலை முதல் புதிதாகத் தருவதெல்லாம் 13 இலக்கம். 10 இலக்க எண்கள் தீர்ந்துபோகாமல் இருக்கத்தான் தனியாகப் பிரித்தார்கள். கருவியின் மென்பொருளில் எண் புலம் 10 இலக்கத்துக்கு மட்டும் வைத்திருந்தால் கடைசி 3 வெட்டுப்படும், கட்டுப்பாட்டு எஸ்எம்எஸ் போய்ச் சேராது. கண்காணிப்பு மென்பொருளில் எண்ணைச் சேமித்துவிட்டுத் திரும்பத் திறந்து 13-உம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வைகைக்கரை

பார்த்தேன், 10-தான் இருக்கிறது. மென்பொருள்காரரிடம் புலத்தை நீட்டச் சொல்கிறேன். 1600 விண்ணப்பமும் உரிம நகலும் நாளை போகிறது. இரண்டு தொடருக்கும் தனித்தனி லைன் கேட்டிருக்கிறேன், கிளை சிம்களில் இருந்து வெளியழைப்பை நிறுத்தச் சுற்றறிக்கை தயார். டெம்ப்ளேட்டில் "தங்கள்" போய்விட்டது.